ஐ.பி. முகவரி

ஐ.பி. முகவரி அல்லது இணைய நெறிமுறை முகவரி என்பது ஒரு கணினி வலையமைப்பில் இணைந்துள்ள கருவியை அடையாளம் காட்டும் எண் ஆகும். கணினி, நகர்பேசி, அச்சுப்பொறி என எதுவாயினும், இணைய நெறிமுறையின் வழியே தரவை அனுப்பவோ பெறவோ வேண்டுமெனில் அதற்கு இவ்வெண் இன்றியமையாதது. வலையமைப்பில் தரவு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் அனுப்பும் கருவியின் முகவரியும் பெறும் கருவியின் முகவரியும் பதியப்பட்டிருக்கும்.

இன்று இருவகை முகவரிகள் வழக்கில் உள்ளன. நெறிமுறையின் நான்காம் பதிப்புக்குரியவை 32 பிட் நீளமும், ஆறாம் பதிப்புக்குரியவை 128 பிட் நீளமும் கொண்டவை. ஐந்து என்னும் எண் வேறொரு சோதனை நெறிமுறைக்கு முன்பே வழங்கப்பட்டிருந்தமையால் அது விடுபட்டது.

எழுதும் முறை

நான்காம் பதிப்பு முகவரியின் 32 பிட்டுகளும் எட்டெட்டாக நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் பதின்ம எண்ணாக, இடையே புள்ளியிட்டு எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 192.168.1.10 என்பது கணினிக்குள் 11000000 10101000 00000001 00001010 என அமையும். எட்டுப் பிட்டுகளால் 0 முதல் 255 வரையே குறிக்க இயலும். ஆகவே 300.1.2.3 என்றொரு முகவரி இருக்க முடியாது. (திரைப்படங்களில் காட்டப்படும் முகவரிகள் சிலவற்றில் இத்தகைய எண்கள் வருவதுண்டு, உண்மையான ஒருவரின் முகவரியைக் காட்டாமலிருக்க இது எளிய வழி.)

வலையமைப்புப் பகுதியும் கருவிப் பகுதியும்

ஐ.பி. முகவரி வெறும் வரிசை எண் அன்று. அதன் முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அவ்வலையமைப்பில் உள்ள குறிப்பிட்ட கருவியையும் சுட்டும். இந்திய அஞ்சல் துறையின் ஆறிலக்கக் குறியீட்டில் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டே கடிதம் எந்த மாவட்டப் பிரிப்பகத்துக்குச் செல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடுவதை இதனோடு ஒப்பிடலாம்.

ஆனால் அஞ்சல் குறியீட்டில் பிரிவு நிலையானது, ஐ.பி. முகவரியில் அது இடத்துக்கு இடம் மாறும். பிரிவு எங்கே விழுகிறது என்பதை உபவலை மறைப்பு எனப்படும் மற்றோர் எண் தெரிவிக்கிறது. 255.255.255.0 என்னும் மறைப்பில் முதல் 24 பிட்டுகளும் 1, எஞ்சிய 8 பிட்டுகளும் 0 ஆகும். 1 உள்ள இடங்கள் வலையமைப்பையும், 0 உள்ள இடங்கள் கருவியையும் குறிக்கும். இதையே முகவரிக்குப் பின் /24 எனச் சுருக்கி எழுதுவர். எட்டுப் பிட்டுகளில் 256 எண்கள் அமையும். அவற்றுள் முதலாவது வலையமைப்பின் பெயராகவும், கடைசி எண் அனைவருக்கும் ஒருசேர அனுப்புவதற்கும் ஒதுக்கப்படுவதால் கருவிகளுக்குக் கிடைப்பவை 254.

தொடக்கநிலை மாணவர்கள் பெரிதும் இடறும் இடம் இதுவே. 192.168.1.10, 192.168.2.20 என்னும் முகவரிகளைக் கொண்ட இரு கணினிகளை ஒரே சுவிட்சில் இணைப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் மறைப்பு 255.255.255.0 எனில், கம்பிகள் சரியாக இருந்தும் அவை ஒன்றோடொன்று பேசா. முதல் கணினி தன் முகவரியின் முதல் 24 பிட்டுகளை மற்றதனோடு ஒப்பிட்டு, அது வேறு வலையமைப்பைச் சேர்ந்தது என முடிவு செய்து, பொதியை நுழைவாயிலாகக் குறிக்கப்பட்ட திசைவியிடம் ஒப்படைக்க முயலும். திசைவி இல்லையெனில் பொதி புறப்படுவதே இல்லை. இரண்டிலும் மறைப்பை 255.255.0.0 என மாற்றிவிட்டால் அவை உடனே ஒரே வலையமைப்பினவாகிவிடும்.

திசைவியாகிய ரவுட்டரும் இதே ஒப்பீட்டையே செய்கிறது. உலகிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் வழி எதுவென அது அறிந்திருப்பதில்லை. முகவரி முற்பகுதிகளின் பட்டியல் ஒன்றையே வைத்திருக்கிறது. வந்த பொதியின் முகவரியோடு மிக நீளமாகப் பொருந்தும் முற்பகுதி எதுவோ, அதற்குரிய திசையில் பொதியை அனுப்பிவிடும். அடுத்த திசைவியும் அவ்வாறே செய்யும்.

முகவரியைப் பெறுதல்

முகவரியைக் கணினியில் நேரடியாகப் பதியலாம். பெரும்பாலான வீடுகளிலும் அலுவலகங்களிலும் டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறையின் வழியே திசைவியோ ஒரு வழங்கியோ குறிப்பிட்ட காலத்துக்கு முகவரியைக் குத்தகையாக அளிக்கிறது. முகவரி அளிப்பவர் எவரும் மறுமொழி தராதபோது பல இயக்குதளங்கள் 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமே சூட்டிக்கொள்ளும். இணைப்பு இயங்காத கணினியில் இவ்வெண்ணைக் கண்டால், கோளாறு கணினிக்கும் திசைவிக்கும் இடையில் உள்ளது எனக் கொள்ளலாம்.

127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி. இதற்கு ஒரு முகவரியே போதுமானது. எனினும் 127 எனத் தொடங்கும் ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சம் முகவரிகளும் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. முகவரிகளுக்கு என்றேனும் பஞ்சம் வரும் என அக்காலத்தில் எவரும் எண்ணாததற்கு இது நல்ல சான்று.

பற்றாக்குறை

32 பிட்டுகளால் 4,294,967,296 முகவரிகளை மட்டுமே உருவாக்க இயலும். இந்நீளம் 1977 ஆம் ஆண்டில், ஆய்வு நிலையிலிருந்த ஒரு வலையமைப்புக்காக வின்ட் செர்ஃப் முடிவு செய்தது. நான்காம் பதிப்பின் வரையறை 1981 செப்டம்பரில் வெளியானது; 1983 சனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் இந்நெறிமுறைக்கு மாறியது. சோதனைக்கெனத் தேர்ந்த அளவே உலகளாவிய இணையத்தின் அளவாக நிலைத்துவிட்டது.

தொடக்ககாலப் பங்கீடும் தாராளமாக இருந்தது. முகவரிகள் மூன்று வகுப்புகளாகப் பிரித்து வழங்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்பில் 254 கருவிகளையும், நடுத்தர வகுப்பில் 65,534 கருவிகளையும் இணைக்கலாம். 300 கணினிகள் கொண்ட நிறுவனம் ஒன்று நடுத்தர வகுப்பைப் பெற்று, 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை வீணே வைத்திருக்கும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திடம் 18 எனத் தொடங்கும் முகவரிகள் யாவும் இருந்தன. அவற்றுள் பெரும்பகுதி பயன்படுத்தப்படவில்லை எனக் கூறி 2017 இல் அக்கழகம் 80 இலட்சம் முகவரிகளை விற்க முன்வந்தது. வகுப்பு முறை 1993 இல் கைவிடப்பட்டு, பிரிவை எந்தப் பிட்டிலும் வைக்கக்கூடிய இன்றைய முறை வந்தது.

2011 பெப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்தின் வழக்கமான வழங்கல் அதே ஆண்டு ஏப்ரல் 15 இலேயே முடிந்து, கட்டுப்பாட்டுடன் சிறு அளவில் வழங்கும் நிலை வந்தது. வட அமெரிக்கப் பதிவகத்துக்கு இந்நிலை 2015 செப்டம்பரில் ஏற்பட்டது. மக்கள்தொகை மிகுந்த, ஆனால் இணையத்துக்குப் பிந்தி வந்த நாடுகளே முதலில் தட்டுப்பாட்டைச் சந்தித்தன. முகவரிகள் விற்பனைப் பொருளாகவும் ஆயின: 2011 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், நொடித்துப்போன நார்டெல் நிறுவனத்தின் 666,624 முகவரிகளை 75 இலட்சம் டாலருக்கு வாங்கியது.

முகவரிப் பெயர்ப்பு

தட்டுப்பாட்டை ஒத்திவைத்தது முகவரிப் பெயர்ப்பு என்னும் உத்தி. 10 எனவும், 192.168 எனவும் தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் தனிப்பயன் முகவரிகள். இவற்றை எவரும் தம் உள்வலையமைப்பில் கேட்காமலே பயன்படுத்தலாம். ஆனால் இவை பொது இணையத்தில் செல்லா. வீட்டிலிருந்து பொதி வெளியேறும்போது திசைவி அதன் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொதுமுகவரியை எழுதி, எந்தக் கருவி அனுப்பியது என்பதைத் துறை எண்ணைக் கொண்டு குறித்துவைக்கும். மறுமொழி வரும்போது மீண்டும் மாற்றி உரிய கருவிக்கு அனுப்பும்.

இதற்கு விலையும் உண்டு. வெளியிலிருந்து எவரும் உள்ளிருக்கும் கருவியை நேராக அழைக்க முடியாது. இணையச் சேவை நிறுவனங்களும் இவ்வுத்தியைக் கையாள்வதால், தொடர்பேயற்ற பலர் ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றனர். முகவரியை வைத்து ஆளை அடையாளம் காண்பது இதனால் பிழைபடக்கூடியது. கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி ஒரே முகவரியின் வழியே சென்றமையால், 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் விசமத் தொகுப்புக்காக அம்முகவரி தடுக்கப்பட்டபோது, அந்நாட்டிலிருந்து பெயரின்றித் தொகுத்தோர் அனைவரும் சில மணி நேரம் தடுக்கப்பட்டனர்.

ஆறாம் பதிப்பு

நிலையான தீர்வாக 1998 இல் வரையறுக்கப்பட்ட ஆறாம் பதிப்பின் 128 பிட்டுகள் தரும் முகவரிகளின் எண்ணிக்கை, 340 என்னும் எண்ணையடுத்து 36 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணுக்கு நெருக்கமானது. இவை பதினாறடிமான எண்களில், முக்காற்புள்ளியிட்டு எழுதப்படுகின்றன. தொடர்ந்து வரும் சுழியத் தொகுதிகளை ஒரு முகவரியில் ஒருமுறை மட்டும் இரட்டை முக்காற்புள்ளியால் சுருக்கலாம். கூகுளின் பொதுப் பெயர் வழங்கி நான்காம் பதிப்பில் 8.8.8.8 எனவும், ஆறாம் பதிப்பில் 2001:4860:4860::8888 எனவும் அமைந்துள்ளது.

இரு பதிப்புகளும் ஒன்றோடொன்று நேரடியாகத் தொடர்புகொள்ள இயலாமையே மாற்றம் மெதுவாக நடப்பதற்கு முதன்மைக் காரணம். ஆறாம் பதிப்புக்கு மட்டும் மாறியவர் பழைய தளங்களை அடைய இடைமாற்றி ஒன்று தேவைப்படும். ஆகவே பலர் இரண்டையும் சேர்த்தே இயக்குகின்றனர். 2012 சூன் 6 அன்று பெரிய இணையத்தளங்களும் சேவை நிறுவனங்களும் ஆறாம் பதிப்பை நிலையாக இயக்கத் தொடங்கின. இந்தியாவில் 2016 இல் தொடங்கிய ஜியோ நகர்பேசிச் சேவை முதலிலிருந்தே ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தியதை அடுத்து, அதன் பரவல் விரைந்து உயர்ந்தது. இன்று இந்தியப் பயனர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆறாம் பதிப்பின் வழியே இணையத்தை அடைகின்றனர்; நான்காம் பதிப்புத் தட்டுப்பாட்டை முதலில் சந்தித்த வட்டாரத்தைச் சேர்ந்த இந்நாடு, இவ்வகையில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக உள்ளது.