இருளில் காண்பதும் இனங்காண்பதும்: வேட்டைத் துப்பாக்கியில் இரவுப் பார்வைக் கருவி

இரவுப் பார்வைக் கருவி என்றதும் நமது வாசகர்களிற் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது போர்க்காலச் செய்திகளே ஆகும். ஒரு காலத்தில் படையினருக்கு மாத்திரம் உரியதாகவிருந்த அக்கருவி, இன்று விலை குறைந்த டிஜிட்டல் வடிவத்தில் ஐரோப்பாவின் வேட்டைக்காரர்களிடமும் விவசாயிகளிடமும் வந்து சேர்ந்துள்ளது. ஏற்கனவே துப்பாக்கியில் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியைக் கழற்றாமலே, அதன் முன்புறத்திலோ பின்புறத்திலோ மாட்டிக்கொள்ளக்கூடிய சிறு கருவி அது. பகலில் ஒரு துப்பாக்கி, இரவில் வேறொரு துப்பாக்கி என்ற தேவை இதனால் இல்லாமற் போகின்றது.

இக்கருவியை வேட்டைக்காரர் வைத்திருப்பதை நெடுங்காலம் தடைசெய்திருந்த ஜேர்மனி, 2020 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி அதற்கு இடமளித்தது. ஆயுதங்கள் விடயத்தில் மிகுந்த கண்டிப்புடைய அந்த நாடு ஏன் அவ்வாறு செய்தது, எதனை அனுமதித்து எதனைத் தொடர்ந்தும் மறுத்தது என்பவற்றை நாம் இங்கு நோக்குவோம்.

காட்டுப்பன்றியும் கொள்ளைநோயும்

ஜேர்மனியில் சோளச் செய்கை பெருகியமையும், குளிர்காலங்கள் கடுமை குறைந்தமையும், ஓக், பீச் மரங்கள் அடிக்கடி நிறைவாகக் காய்த்தமையும் காட்டுப்பன்றிகளின் பெருக்கத்துக்கு வழிவகுத்தன. உணவு நிறைந்த ஓராண்டில் அவற்றின் தொகை இரண்டு, மூன்று மடங்காகக்கூடும். 2019/20 வேட்டைப் பருவத்தில் மாத்திரம் அந்நாட்டில் 8 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் சுடப்பட்டன.

வேட்டைக்கு உட்படும் காட்டுப்பன்றி பகலில் மறைந்திருந்து இரவில் இரைதேடப் பழகிவிடுகின்றது. ஜேர்மனிய வேட்டைச் சட்டம், சூரியன் மறைந்து ஒன்றரை மணித்தியாலம் கழிந்ததிலிருந்து, உதயத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னர் வரையான நேரத்தை இரவு என வரையறுக்கின்றது. குளம்புள்ள வேட்டை விலங்குகளை அந்நேரத்தில் சுடுவதைத் தடைசெய்யும் அச்சட்டம், காட்டுப்பன்றிக்கு மாத்திரம் விதிவிலக்கு அளிக்கின்றது. எனவே முழுநிலவையும் தரையில் படிந்த பனியையும் நம்பி, 56 மில்லிமீற்றர் அகன்ற வில்லையுடைய தொலைநோக்கியோடு பரணிற் காத்திருப்பதே அங்கு மரபாகவிருந்தது. மேகம் மூடிய இரவில் வேட்டைக்காரன் வெறுங்கையுடன் வீடு திரும்பினான்.

இந்த நிலையை மாற்றியது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகும். 2007 இல் ஜோர்ஜியாவுக்குள் புகுந்த இந்த வைரசு நோய், 2014 இல் லித்துவேனியாவையும் போலந்தையும், 2017 இல் செக் குடியரசையும், 2018 இல் பெல்ஜியத்தையும் எட்டியது. மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில்லை; ஆயினும் தொற்றிய பன்றிகளுள் மிகப் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. தம் எல்லையை நோய் நெருங்கிக்கொண்டிருந்த வேளையிலேயே ஜேர்மனியர் சட்டத்தைத் திருத்தினர். அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிரண்டன்பேர்க் மாநிலத்தில் முதலாவது நோயுற்ற காட்டுப்பன்றியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. சீனா உடனடியாக ஜேர்மனியப் பன்றியிறைச்சியின் இறக்குமதியை நிறுத்தியது. காட்டில் கிடந்த ஓர் உடல் ஒரு நாட்டின் ஏற்றுமதி வர்த்தகத்தையே உலுக்கியது எனலாம்.

கருவி இயங்கும் முறை

பழைய வகை இரவுப் பார்வைக் கருவி, நட்சத்திரங்களின் மங்கிய ஒளியை ஒரு வெற்றிடக் குழாயினுள் இலத்திரன்களாக மாற்றிப் பன்மடங்கு பெருக்கிப் பச்சை நிறப் படமாகக் காட்டியது. பகல் வெளிச்சம் பட்டால் அக்குழாய் பழுதடையும், விலையும் அதிகம். டிஜிட்டல் கருவி அடிப்படையில் ஒரு கமராவேயாகும். அதன் உணரி மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு பெறப்பட்ட படம் உள்ளே உள்ள சிறு திரையில் தோன்றும். பகலில் பயன்படுத்தினாலும் கேடில்லை.

வெப்பப் படக்கருவி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது ஒளியை அன்றி, உடலிலிருந்து வெளியாகும் வெப்பக் கதிர்வீச்சையே படமாக்குகின்றது. புதருக்கு அப்பால் ஓர் உயிர் நிற்பதை அது உடனே காட்டிவிடும். ஆனால் அந்த உயிரின் நுண்ணிய அடையாளங்களைக் காட்டுவதில் டிஜிட்டல் கமராவே பல வேளைகளில் மேம்பட்டது.

துப்பாக்கியுடன் இணைக்கும் முறைகள் மூன்று. முதலாவது, தனக்கென ஒரு குறிக்கோட்டைக் கொண்டு, தொலைநோக்கிக்குப் பதிலாகவே பொருத்தப்படும் முழு இரவுக் குறிபார் கருவி. இரண்டாவது, தொலைநோக்கியின் கண்ணருகு முனையில் மாட்டப்படுவது. மூன்றாவது, முன்வில்லையின் முகப்பில் மாட்டப்படுவது. பின்னைய இரண்டிலும் தொலைநோக்கியின் குறிக்கோடே பயன்படுத்தப்படுகின்றது. ஜேர்மனியச் சட்டம் வேட்டை அனுமதிப்பத்திரம் உள்ளோருக்கு இவ்விரண்டையும் அனுமதித்து, முதலாவதைத் தடையின் கீழேயே வைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பொருத்துவதில் உள்ள நுட்பம்

பின்புறம் மாட்டப்படும் கருவி, குறிக்கோட்டையும் இலக்கையும் ஒன்றாகவே படம் பிடிக்கின்றது. ஆகையால் அது சற்று அசைந்தாலும் குண்டு படும் இடம் மாறுவதில்லை. ஆனால் சுடுபவரின் கண் பல சென்ரிமீற்றர் பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. துப்பாக்கியைத் தோளிற் பொருத்தி நிற்கும் பழகிய நிலை குலைகின்றது.

முன்புறக் கருவியில் இதற்கு மாறான சிக்கல் உண்டு. அங்கு சுடுபவர் பார்ப்பது இலக்கையன்று. இலக்கைக் காட்டும் ஒரு திரையையே. திரையிலுள்ள படம் உண்மையான திசையிலிருந்து சிறிதளவு விலகியிருந்தாலும் குண்டு அந்த அளவுக்கு விலகியே செல்லும். ஒரு மில்லிரேடியன் அளவான கோணப் பிசகு, 100 மீற்றர் தூரத்தில் 10 சென்ரிமீற்றர் தவறாகின்றது. ஒரு விலங்கை உடனே வீழ்த்துவதற்கும் அதனைக் காயப்படுத்தி ஓடவிடுவதற்கும் இடையிலான வேறுபாடு அதுவே. ஆதலால் தொலைநோக்கியின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் இணைப்பு வளையம் இன்றியமையாதது. கருவியை மாட்டாமல் ஒரு முறையும், மாட்டிய பின் ஒரு முறையும், கழற்றி மீண்டும் மாட்டிய பின் இன்னொரு முறையும் சுடுகளத்தில் தாள் இலக்கில் சுட்டுப் பார்க்கவேண்டும். குண்டுகள் ஒரே இடத்தில் விழாவிடின், அந்த இணைப்பை நம்பிக் காட்டுக்குச் செல்லலாகாது.

தெளிவுபடுத்துவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் குறிக்கோடு தெளிவாகும்வரை கண்வில்லையைத் திருப்பவேண்டும். அடுத்து, திரையின் படம் தெளிவாகும்வரை தொலைநோக்கியின் தூரச் சீராக்கியைத் திருப்பி, பின்னர் அதனைத் தொடாமல் விட்டுவிடவேண்டும். இறுதியாக, இலக்கின் தூரத்துக்கேற்பக் கருவியின் சொந்த வில்லையை மாத்திரம் சரிசெய்யவேண்டும். உருப்பெருக்கத்தையும் குறைவாகவே வைத்திருத்தல் நன்று. பெருக்கத்தைக் கூட்டினால் விலங்கு மேலும் தெளிவாகாது. திரையின் புள்ளிகளே பெரிதாகத் தெரியும்.

நிலவற்ற இரவில் டிஜிட்டல் கருவிக்கு ஓர் அகச்சிவப்பு விளக்குத் துணை தேவைப்படும். 850 நனோமீற்றர் அலைநீளமுள்ள விளக்கு தூரம் வரை ஒளிரும். ஆனால் அதன் முகப்பில் மங்கிய செந்நிறப் பொட்டொன்று தெரியும். 940 நனோமீற்றர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது; ஆயின் உணரி அதனைக் குறைவாகவே ஏற்கும். மூடுபனியிலும் மழையிலும் அவ்வொளி திரும்பித் தெறித்துப் படத்தை வெண்மையாக்கிவிடும். கண்ணுக்கு முன்னேயுள்ள ஒரு புல் நுனிகூட அவ்வாறே செய்யும். துப்பாக்கியில் இத்தகைய விளக்கைப் பொருத்துவதை ஜேர்மனிய ஆயுதச் சட்டத் திருத்தம் அனுமதிக்கவில்லை. ஆதலினாலேயே அந்நாட்டு வேட்டைக்காரர் பலர் விளக்குத் தேவைப்படாத வெப்பப் படக்கருவிகளின் பக்கம் திரும்பினர். இவற்றோடு, கடுங்குளிரில் பற்றரி விரைவில் வலுவிழப்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

கருவி கூறாத செய்திகள்

நாம் முதன்மையாக வலியுறுத்த விரும்புவது இதனையே: கருவி இருளை நீக்குகின்றது; ஐயத்தை நீக்குவதில்லை.

சுடுவதற்கு முன்னர் விலங்கின் இனம், பால், வயது என்பவற்றை உறுதிசெய்தல் ஜேர்மனிய வேட்டை மரபின் முதற் கடமையாகும். குட்டிகளை வளர்க்கும் பருவத்திலுள்ள தாய் விலங்கைச் சுடுவது அங்கு தண்டனைக்குரிய குற்றம். தாய்ப்பன்றி முதலில் தனியே வெளிவரக்கூடும். குட்டிகள் உயர்ந்த புல்லுக்குள் மறைந்திருக்கக்கூடும். திரையில் தெரியும் தனித்த உருவத்தை நம்பி அவசரப்பட்டால், கண்ணில் படாத குட்டிகள் பட்டினியால் மடியும்.

திரையின் படம் தட்டையானது. அதில் ஆழம் தெரிவதில்லை. 60 மீற்றரில் நிற்பதும் 160 மீற்றரில் நிற்பதும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். விலங்குக்குப் பின்னால் மண்மேடு உள்ளதா, வீதி உள்ளதா என்பதும் தெளிவாவதில்லை. வேட்டை ரைபிளின் குண்டு தடையின்றிச் சென்றால் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் வரை அபாயம் விளைவிக்கக்கூடியது. எனவே குண்டைத் தாங்கும் நிலம் பின்னால் இருப்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளாதவர், இரவில் விசையை அழுத்தலாகாது. தேடிப் பார்ப்பதற்குக் கையில் ஏந்தும் தனிக்கருவியையே பயன்படுத்தவேண்டும். அறியாத உருவம் ஒவ்வொன்றையும் துப்பாக்கியின் ஊடாக நோக்குவதென்பது, அறியாத ஒருவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதற்குச் சமமாகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2015 ஆம் ஆண்டில் பிரண்டன்பேர்க் மாநிலத்தின் ஒரு சோளவயலில், காட்டுப்பன்றி என எண்ணி வேட்டைக்காரர் ஒருவர் சுட்டதில் மனிதர் ஒருவர் உயிரிழந்தார். உற்றுப் பார்க்க நல்ல கருவி இருந்திருப்பின் இத்தகைய அனர்த்தங்கள் தவிர்க்கப்படலாம் என்போர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் கருவி தரும் துணிவு, முன்பு சுடத் தயங்கிய தூரத்திலும் நேரத்திலும் சுடத் தூண்டும் என்பதும் உண்மையே.

துப்பாக்கி மாத்திரம் தீர்வாகுமா?

இரவு முழுவதும் வேட்டை நடைபெற்றால் மான் முதலிய ஏனைய விலங்குகளுக்கு இளைப்பாறும் பொழுதே இல்லாமற் போகும் என்ற எதிர்ப்பு ஜேர்மனிய வேட்டைக்காரர் மத்தியிலேயே எழுந்தது. கருவியை வைத்திருக்க மத்திய ஆயுதச் சட்டம் இடமளித்தபோதிலும், வேட்டையில் அதனைப் பயன்படுத்துவது வேட்டைச் சட்டத்தின் தடைகளுக்கு உட்பட்டது என்றும் அச்சட்டமே கூறியது. இதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபட்டன.

நோயை ஒழித்த நாடுகளின் அனுபவமும் சிந்தனைக்குரியது. செக் குடியரசின் சிலீன் பிரதேசத்தில் பொலிஸ் குறிபார்த்துச் சுடுநர்களும் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு முன்னர் நோய் கண்ட பகுதி வேலியிடப்பட்டது. இறந்த பன்றிகளின் உடல்கள் தேடி அகற்றப்பட்டன. பன்றிகள் கலைந்து ஓடாதிருக்க முதலில் வேட்டையே நிறுத்தப்பட்டது. பெல்ஜியமும் வேலியையும் உடல்களைத் தேடுவதையும் முதன்மையாகக் கொண்டே 2020 இல் நோயிலிருந்து விடுபட்டது. இரவுப் பார்வைக் கருவி அந்த ஒழுங்கின் ஓர் அங்கமாக உதவியதேயன்றி, தனித்து நின்று எதனையும் சாதிக்கவில்லை.

நமது நாட்டிலும் 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பண்ணைப் பன்றிகளிடையே இந்நோய் கண்டறியப்பட்டது. வன்னியிலும் கிழக்கிலும் மரவள்ளியையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க இரவிரவாகக் காவற்கொட்டிலில் விழித்திருக்கும் விவசாயியின் துயரை நமது வாசகர்கள் நன்கறிவர். அத்துயரின் விளைவாகச் சட்டவிரோதமாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கு, வருவது பன்றியா, பசுவா, விறகு பொறுக்கச் செல்லும் மனிதனா என்று பார்ப்பதில்லை. அதற்குக் கண்ணே இல்லை.

ஜேர்மனியரின் கருவிக்குக் கண் உண்டு; ஆனால் தீர்ப்பளிக்கும் அறிவு அதற்கும் இல்லை. அந்த அறிவு விசையில் விரலை வைத்திருப்பவரிடமே இருக்கவேண்டும். அங்கு அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் கடினமான பரீட்சை, சுடுகளப் பயிற்சி, தவறினால் பத்திரத்தை இழக்கும் நிலை ஆகியன ஏற்கனவே இருந்தமையாலேயே சட்டத்தால் ஒரு கதவைத் திறக்க முடிந்தது. அவ்வாறான ஒழுங்குகள் இல்லாத இடத்தில் இருளை ஊடுருவும் கருவியை மாத்திரம் இறக்குமதி செய்வது, ஆபத்தை இறக்குமதி செய்வதாகவே முடியும்.