வண்டியில் எழுதிய பெயர்

1905-இல் டப்ளின் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வண்டி வழக்கு வந்தது. வண்டிக்காரர், அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள டோனிகால் பகுதியின் விவசாயி, கவிஞர் நீயல் மக் கில்லா வ்ரீஜா. வண்டி வைத்திருப்பவர் தன் பெயரையும் ஊரையும் படிக்கும்படியாக அதில் எழுதவேண்டும் என்பது அன்றைய சட்டம். அவரும் எழுதித்தான் இருந்தார், ஆனால் அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷின் எழுத்தில். படிக்க முடியவில்லை என்று அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டில் அவர் பக்கம் வாதாடியவர்களில் பாட்ரிக் பியர்ஸ் என்ற இளம் வழக்கறிஞரும் ஒருவர். வழக்கு தோற்றது. தீர்ப்பு ஏட்டில் வண்டிக்காரரின் பெயர் வெறும் 'மெக்பிரைட்'. பதினோரு ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கியதற்காக அதே பியர்ஸை பிரிட்டிஷ் அரசு சுட்டுக் கொன்றது.

படிக்க முடியவில்லை, சரி. யாருக்கு?

அந்தக் கேள்வி இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஐரிஷ் நடிகை சர்ஷா ரோனன் 2017-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியபோது, தன் பெயரை எப்படிச் சொல்வது என்று மேடையில் பாட்டாகவே பாட வேண்டியிருந்தது. எழுதும்போது எஸ்-ஏ-ஓ-ஐ-ஆர்-எஸ்-இ. அவர் சொல்வது 'சர்ஷா'. அயர்லாந்தில் 'சீர்ஷா' என்பவர்களும் உண்டு. பொருள், விடுதலை. இருபதாம் நூற்றாண்டில்தான் அந்தச் சொல் பெண்ணின் பெயராக வழக்குக்கு வந்தது.

ஆங்கிலக் கண்ணால் பார்க்கும்போதுதான் இந்த எழுத்துமுறை தாறுமாறாகத் தெரிகிறது. உண்மையில் ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் பதினெட்டே எழுத்துகள். அதில் 'வி' கிடையாது. வகர ஒலி வேண்டுமென்றால் 'பி' அல்லது 'எம்' என்ற எழுத்தை மென்மையாக்கிக்கொள்வார்கள். நாமும் 'பகல்' என்று எழுதுகிறோம். அதன் ககரத்தைக் 'கடல்' போல வல்லென்று யாரும் சொல்வதில்லை. இப்படித்தான் ஒரு பெண் பெயரை என்-ஐ-ஏ-எம்-எச் என்று எழுதி 'நீவ்' என்கிறார்கள். உயிரெழுத்துகள் கூட்டமாக நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. அம்மொழியின் மெய்களில் அகன்றது, ஒடுங்கியது என்று இரண்டு வகை. பக்கத்தில் நிற்கும் உயிரெழுத்தைப் பார்த்தே எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே பல உயிரெழுத்துகள் ஒலிப்பதற்காக அல்ல, மெய்க்குக் காவலாக நிற்கின்றன.

கூப்பிட்டால் பெயரே மாறிப்போகும் என்பது இன்னொரு வேடிக்கை. நம் விளிவேற்றுமையில் முருகன் 'முருகா' ஆகும்போது வால்தான் மாறுகிறது. அங்கே தலையும் மாறும். ஷேமஸ் என்பவரை அழைக்கும்போது 'அ ஹேமிஷ்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் ஆண்களுக்கு வைக்கும் ஹேமிஷ் என்ற பெயர், அவர்களுடைய கேலிக் மொழியில் இப்படிக் கூப்பிட்ட குரலிலிருந்து வந்ததுதான். பெண்களின் குடும்பப் பெயரோ தனிக்கதை: தந்தைக்கு 'ஓ', மகளுக்கு 'நீ', மனைவிக்கு 'ஈ' என்று முன்னொட்டே வேறுபடும்.

மென்மையாக்கியதைக் காட்டப் பழைய ஏடுகளில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். நமக்குப் பழகிய காட்சிதான், வேலை மட்டும் வேறு. 1571-இல் டப்ளினில் அச்சான முதல் ஐரிஷ் நூலின் அச்செழுத்துகளுக்குப் பணம் கொடுத்தது, வேறு யாருமல்ல, முதலாம் எலிசபெத் அரசி. மக்களைச் சீர்திருத்தக் கிறித்தவத்துக்குத் திருப்ப வினாவிடை நூல் வேண்டியிருந்தது. அந்த எழுத்து வடிவம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தாக்குப்பிடித்தது. பிறகு சாதாரண ரோமன் அச்சுக்கு மாறினார்கள். புள்ளி போய், புள்ளி இருந்த இடத்திலெல்லாம் ஒரு 'எச்' வந்து உட்கார்ந்தது. இன்று அந்நியரை மிரட்டுவது பெரும்பாலும் இந்த 'எச்'தான்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1945 முதல் 1958 வரை, சுதந்திர அயர்லாந்தின் அரசு எழுத்துச் சீர்திருத்தமும் செய்தது. இரவைக் குறிக்கும் சொல்லில் ஏழு எழுத்து ஐந்தானது. ஆனால் ஆட்களின் பெயர்களில் பல பழைய சட்டையைக் கழற்றவில்லை. எஸ்-ஏ-டி-எச்-பி-எச் என்று ஆறு எழுத்து எழுதி, 'ஸைவ்' என்று ஒரே மூச்சில் சொல்லும் பெண் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. நாடக ஆசிரியர் ஜான் பி. கீன் 1959-இல் அதைத் தன் நாடகத்துக்குத் தலைப்பாக வைத்தபோது, ஆங்கில வழக்கப்படி நான்கு எழுத்தில் முடித்துவிட்டார்.

பெயரை ஆங்கிலமாக்கும் நெருக்கடி பழையது. டப்ளினைச் சுற்றி ஆங்கில ஆட்சி நடந்த பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஓர் ஊரின் பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழிலின் பெயரையோ ஆங்கிலத்தில் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று 1465-இலேயே சட்டம் வந்தது. கொல்லன் மகன் என்று பொருள்படும் 'மக் கவன்' குடும்பங்களில் பல, காலப்போக்கில் 'ஸ்மித்' ஆயின. 1824-இல் தொடங்கிய நில அளவை ஊர்களுக்கும் இதையே செய்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர் நிலப்பிரிவுகளின் பெயர்களை ஜான் ஓ'டோனவன் போன்ற அறிஞர்கள் ஊரூராகக் கேட்டுக் குறித்தார்கள். வரைபடத்தில் ஏறியதோ ஆங்கில எழுத்துக்கூட்டல்.

எதிர்த்திசையிலும் ஒரு கூத்து நடந்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று புறப்பட்ட துறைமுகத்துக்கு அன்று குயின்ஸ்டவுன் என்று பெயர்; விக்டோரியா அரசி 1849-இல் வந்துபோன நினைவாக வைத்தது. 1920-இல் அதை நீக்கி 'கோவ்' என்று சூட்டினார்கள். சி-ஓ-பி-எச் என்ற அந்த எழுத்துக்கூட்டலைப் பார்ப்பவர் அசல் ஐரிஷ் என்றே நினைப்பார். அது சிறு விரிகுடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஐரிஷ் வேடத்தில்!

2005-இல் அரசு இன்னொரு படி போனது. ஐரிஷ் பேசும் பகுதிகளின் ஊர்ப்பெயர்களில் ஆங்கில வடிவத்துக்கு இருந்த சட்டத் தகுதியை நீக்கியது. கெர்ரி கடற்கரையில் சுற்றுலாவை நம்பியிருக்கும் டிங்கிள் ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். வெளியூர்க்காரன் எப்படி வழி கண்டுபிடிப்பான் என்று கேட்டார்கள். 2006-இல் நடந்த வாக்கெடுப்பில் இரண்டு பெயரும் வேண்டும் என்று பெருவாரியாகச் சொன்னார்கள். 2011-இல் சட்டம் திருத்தப்பட்டு, டிங்கிள் என்ற ஆங்கிலப் பெயர் மறுபடி அரசேட்டில் ஏறியது.