ஒரு பவுண்டு தானியமும் ஒரு மணி நேர நடையும்

எடை குறைக்க நடப்பவர்கள் நம் குடியிருப்பில் இப்போது நிறையப் பேர். காலையில் மொட்டை மாடி, மாலையில் ரோச் பூங்கா, ஞாயிறானால் முத்துநகர் கடற்கரை. நடந்து முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். "இன்று 250 கலோரி" என்கிறது. அங்கேதான் இரண்டு கட்சி பிரிகிறது. எரித்த 250-ஐச் சாப்பிட்டு ஈடு செய்துகொள்ளலாம், உழைத்த உடம்புக்குக் கூலி வேண்டாமா என்பது ஒரு கட்சி. சாப்பிட்டால் நடந்ததே வீண், அதை அப்படியே லாபத்தில் வைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

கேள்வி கைக்கடிகாரத்தோடு பிறந்த மாதிரித் தெரிகிறது. ஆனால் ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் இதே கேள்வியை வைத்துப் பெரிய அதிகாரிகள் காகிதப் போர் நடத்தியிருக்கிறார்கள். சும்மா இருக்கும் உடம்புக்கு எவ்வளவு உணவு, உழைக்கும் உடம்புக்கு அதற்கு மேல் எவ்வளவு, உழைப்பால் செலவானதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமா? அன்று விவாதத்துக்கு உள்ளானவர்கள் மெலிய ஆசைப்பட்டவர்கள் இல்லை, தாது வருஷப் பஞ்சத்தில் சிக்கியவர்கள்.

தாது வருஷம் என்பது 1876-77. பருவமழை பொய்த்தது, அடுத்த ஈசுவர வருஷமும் சேர்ந்து இழுத்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் பக்கமெல்லாம் பட்ட பாட்டோடு பார்த்தால் தாமிரபரணி பாயும் நம் திருநெல்வேலிச் சீமை ஓரளவு தப்பியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஆற்றுத் தண்ணீர் ஏறாத ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிக் கரிசல் நிலத்துக்கு மழையை விட்டால் கதியில்லை. (வ.உ.சி. ஓட்டப்பிடாரத்தில் பிறந்தது 1872-ல். பஞ்சத்தின்போது நாலைந்து வயதுப் பிள்ளை.) தூத்துக்குடிக்கு ரயில் வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. துறைமுகம் ஆழமில்லாததால் கப்பல்கள் சில மைல் தள்ளிக் கடலில் நிற்கும், தோணிகள்தான் போய் வரும். பஞ்சம் பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம் மாவட்டத்து ஆட்களும் ஏராளம்.

போக முடியாதவர்களுக்கு அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. சாலை போடுவது, குளம் வெட்டுவது, கல் உடைப்பது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்படி வெட்டப்பட்டதுதான். கூலியைத் தானியக் கணக்கில் நிர்ணயித்தார்கள். இன்ன அளவு தானியம் வாங்கும் காசு, அதற்கு மேல் உப்பு, விறகுக்குக் கொஞ்சம் சில்லறை.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. இந்த மனிதரின் கதை விசித்திரமானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வரப் பார்த்தபோது பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் இவரே. அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஊதாரி என்ற வசவு. அந்தச் சூடு பட்ட பூனை தெற்கே வந்ததும் சிக்கனக்காரராக மாறிவிட்டது. கடும் வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. "டெம்பிள் கூலி" என்று வரலாற்றில் பேர் வாங்கியது இதுதான்.

ஒரு பவுண்டு என்பது 454 கிராம். 100 கிராம் அரிசிக்குச் சுமார் 350 கலோரி என்று வைத்துப் பெருக்குங்கள், ஏறக்குறைய 1,600 வரும். மைக் டேவிஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை 1,627 என்று கணக்கிட்டு, நாஜிகளின் பூகன்வால்டு முகாமில் கடும் உழைப்பாளிக்குக் கொடுத்த 1,750-க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த ஒப்பீடு பலருக்குப் பிடிக்கவில்லை. எண்கள் எண்கள்தான்.

டெம்பிளை எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். 1871-ல் மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவரே. அவர் வாதத்தின் சாரம் நம் நடைக் குழுவுக்கும் பொருந்தும். மனிதன் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் உடம்பைச் சூடாக வைக்கவும் உணவு வேண்டும். அது அடிப்படைச் செலவு. மண் வெட்டச் சொன்னால் அது மேல் செலவு. அடிப்படைச் செலவுக்கே போதாத ஒன்றைக் கொடுத்துவிட்டு மேல் செலவையும் கேட்டால் உடம்பு தன்னையே தின்னும். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது கொடு, கூடவே பருப்பும் காய்கறியும் கொடு என்றார்.

இதில் பருப்பு ஏன் வந்தது என்று கேட்கலாம். தசை உழைப்புக்கு எரிபொருள் புரதம்தான் என்று ஜெர்மானிய வேதியியலர் லீபிக் சொல்லியிருந்தார். ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இருவர் 1865-ல் புரதமே இல்லாமல் மாவும் கொழுப்பும் சர்க்கரையும் மட்டும் தின்று சுவிட்சர்லாந்தில் ஃபாவுல்ஹார்ன் மலை ஏறினார்கள். சிறுநீரை அளந்து பார்த்து, உடம்பில் செலவான புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது என்று நிறுவினார்கள். மலை ஏற வைத்தது மாவும் கொழுப்பும். ஆனாலும் புரதம் தேவையில்லை என்று ஆகிவிடாது. பட்டினியில் தசை கரையாமல் காப்பதற்குப் பருப்பு வேண்டும். கார்னிஷ் கேட்டது தப்பில்லை. அதே 1865-ல் இங்கிலாந்தில் பிளேஃபேர் என்பவர் சும்மா இருப்பவர், மிதமாக உழைப்பவர், கடுமையாக உழைப்பவர் என்று படிப்படியாக உணவளவை வகுத்துக் காட்டியும் இருந்தார். டெம்பிள் காலத்தில் இது தெரியாத சங்கதி இல்லை.

பம்பாய் மாகாணத்தில் தொழிலாளிகள் கூலிக்குறைப்பை ஏற்காமல் நிவாரண வேலையை விட்டே கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களுக்காகப் பூனா சார்வஜனிக் சபை பேசியது. சென்னையில் 1877 மார்ச்சில் ஒரு சமரசம் வந்தது. நாளுக்கு ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கணக்குப் போட்டால் 2,100 கலோரியைக் கொஞ்சம் தாண்டும். அப்போதும் போதாது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி 65 கிலோ எடையுள்ள ஆண் கடும் உழைப்பாளிக்கு 3,470 கலோரி வேண்டும். அன்றைய கூலியாள் 50 கிலோதான் என்று வைத்தாலும் அதே விகிதத்தில் 2,670 வருகிறது. அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல். எல்லோரும் கூலிக் குறைவால் செத்தார்கள் என்று சொல்ல முடியாது. காலராவும் காய்ச்சலும் இருந்தன. காய்ந்த உடம்பில் அவை சுலபமாக ஏறின.

உழைப்புக்கு ஈடு கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்தது பிற்காலத்தில். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் விருப்பத்தோடு வந்த 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளுக்குச் சராசரியாக 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு, டெம்பிள் கூலியின் அளவேதான். வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் கால்வாசி போனது. கூடவே குளிர் தாங்கவில்லை, எரிச்சல் வந்தது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவும் பெருமளவு சரிந்தது. பிறகு தாராளமாகச் சாப்பிடக் கிடைத்ததும் பலருக்கு முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடிவிட்டது. வாரம் 22 மைல் என்றால் நாளுக்கு ஐந்து கிலோமீட்டர். நம்மில் பலர் நடக்கும் தூரம்தான். அதோடு 1,200 கலோரி உணவுத் திட்டமும் பிடித்துக்கொண்டு, நடந்ததையும் கழித்துக்கொள்ளும் ஆண்கள் உண்டு. நாமே நமக்கு டெம்பிள் கூலி போட்டுக்கொள்வதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

இப்படியானால் முதல் கட்சி ஜெயித்தது என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நமக்கு நெருக்கமான சாட்சி வங்காளத்தில் இருக்கிறது.

1956-ல் ஜான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரோடு ராய், மித்ரா என்ற இருவரும் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையின் 213 ஆண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவர் முதல் கணக்கர், மேற்பார்வையாளர், ஆலைக் கடைவீதியில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் வரை எல்லோரும் அதில் உண்டு. இலேசான வேலையிலிருந்து கடும் வேலை வரைக்கும் பார்த்தால், உழைப்பு ஏற ஏறச் சாப்பாடும் ஏறியது, எடை ஏறவில்லை. பசி தானாகவே கணக்கைச் சரி செய்துகொண்டது. உட்கார்ந்தே இருந்தவர்களிடம் இந்தக் கணக்கு உடைந்துவிட்டது. இலேசாக வேலை செய்பவர்களைவிட அவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் கூடுதல். ஒரு சமயத்தில் ஓர் ஆலையில் எடுத்த படம் இது. எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் கூலியாட்கள் இல்லை, அந்தக் கடைக்காரர்கள். துறைமுக அலுவலகம், வங்கி, கணினி, அப்புறம் லிஃப்ட். இப்படி உட்கார்ந்தே இருப்பவரின் பசியை நம்பி "உடம்பு கேட்கிறது, கொடுக்கிறேன்" என்று சொல்வது ஆபத்து.

அடுத்தது கடிகாரத்தின் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மொத்தம் சுமார் 245 கலோரி. இதில் 70 கலோரி அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும். கார்னிஷ் சொன்ன அடிப்படைச் செலவு அது. நடைக்காக மட்டும் போனது 175. பல கடிகாரங்கள் மொத்தத்தையே காட்டும். அந்த மொத்தமும் சரியாக இருப்பதில்லை. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை ஒழுங்காகக் காட்டின. கலோரியில் இருப்பவற்றுள் நல்லதே 27 சதவீதம் பிசகியது.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹாட்சா மக்கள் தினம் பல மைல் நடக்கிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் குழு 2012-ல் அவர்களை அளந்தபோது, உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அவர்கள் நாளில் எரிப்பது நகரத்து அமெரிக்கரிடமிருந்து பெரிதாக மாறவில்லை. கூடுதல் உழைப்பில் ஒரு பங்கை உடம்பு வேறு எங்கோ சிக்கனம் செய்து சரிக்கட்டுகிறது. 2021-ல் 1,754 பேரின் அளவுகளை ஆராய்ந்தவர்கள் அந்தப் பங்கு சராசரியாக 28 சதவீதம் என்றார்கள். பருத்தவர்களிடம் அது இன்னும் கூடுதல். அப்படிப் பார்த்தால் நம் 175-ல் கையில் நிற்பது 126. சட்னி இல்லாத இரண்டு இட்லி. கீழே இறங்கி ஒரு 50 கிராம் மக்ரூன் வாங்கிச் சாப்பிட்டால் முந்திரியும் சீனியுமாக 200 கலோரிக்குக் குறையாது. இரவு "நைட் கிளப்" பரோட்டாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரட்டைக் கணக்கு என்று ஒன்றும் உண்டு, அதில் மாட்டுபவர்கள்தான் அதிகம். ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலில் 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110, மிதமான உழைப்பு என்றால் 2,710. 55 கிலோ பெண்ணுக்கு 1,660, 2,130. கைபேசிச் செயலியில் "மிதமான உழைப்பாளி" என்று பதிந்துவிட்டால் உங்கள் நடையெல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கு மேல் கடிகாரத்தின் 250-ஐயும் சேர்த்தால் ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி. நாளுக்கு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நேரம் உட்கார்ந்திருப்பவர் "மிதமான உழைப்பாளி" ஆவாரா என்பதே எனக்குச் சந்தேகம். நம் உப்பளங்களில் விடிவதற்கு முன்பே இறங்கி உப்பு வாரிச் சுமப்பவர்களை நினைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டியில் டிக் போடக் கை வராது.

ஆகவே நான் சொல்வது இது. உட்கார்ந்த வேலைக்கான எண்ணிலிருந்து தொடங்குங்கள், அதிலிருந்து 300 முதல் 500 வரை குறையுங்கள். அரை மணி, முக்கால் மணி நடைக்கு எதையும் திருப்பிச் சாப்பிட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று போனால் கடிகாரம் காட்டுவதில் பாதியைச் சாப்பிடுங்கள், அது பருப்பாகவோ முட்டையாகவோ மீனாகவோ இருக்கட்டும். மூன்று நான்கு வாரம் எடையைப் பாருங்கள். வாரம் அரைக் கிலோவுக்குள் இறங்கினால் கணக்கு சரி. அதைவிட வேகமாக இறங்கி, களைப்பும் தூக்கமின்மையும் எரிச்சலும் சேர்ந்தால் உணவைக் கூட்டுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். நடைக்குப் பின் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். நடைக்கு முன்போ பின்போ என்ன சாப்பிடுவது, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு மிட்டாயோடு மாடிக்கு வாருங்கள்.