அனுமதிக்கு முன்பே பிறந்த அணிகள்

அமெரிக்காவின் பெண் சாரணியர் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1912 மார்ச் 12ஆம் நாளை. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் அன்று பதினெட்டுச் சிறுமியர் தம் பெயரைப் பதிந்துகொண்டனர். லஃபாயெட் சதுக்கத்தில் இருந்த பெருவீடொன்றின் பின்புறத்து வண்டிக் கொட்டகை அவர்களது கூடமாயிற்று. குதிரை வண்டிகள் நின்ற அவ்விடத்தில் சிறுமியர் முடிச்சுப் போடவும், காயத்துக்குக் கட்டுக் கட்டவும், வரைபடம் பார்க்கவும் கற்றனர். அவ்வீட்டின் உரிமையாளர் ஜூலியட் கார்டன் லோ. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று, கணவரை இழந்தவர், குழந்தை இல்லாதவர், காது ஏறக்குறைய முற்றிலும் கேளாதவர்.

ஓர் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தலைமை நிலையம், தலைவர்கள், மாநாடுகள் என்று மேலிருந்தே எழுதிச் செல்கின்றனர். ஆனால் சாரணியர் போன்ற இயக்கத்துக்கு உயிர் இருப்பது ஊர்தோறும் உள்ள சிறு அணிகளில்தான். ஓர் ஊரில் ஓர் அணி எவ்வாறு தொடங்குகிறது? ஓர் இடம், ஒரு கையேடு, நேரம் ஒதுக்கக்கூடிய ஒரு பெண்மணி, பத்துப் பன்னிரண்டு சிறுமியர்; இவை போதும் என்றே தோன்றும். கல்லூரியில் ஒரு புதிய மன்றம் தொடங்க முயன்ற எவரும் இதைப் படித்துச் சற்றே நகைப்பர். மாணவியர் கிடைப்பர், அறையும் கிடைக்கும்; அனுமதிக் கடிதம் மட்டும் மேசையிலிருந்து மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். சாரணியர் வரலாற்றிலும் இந்த அனுமதி என்ற சொல் தொடக்கம் முதலே உடன் வருகிறது.

உண்மையில் இவ்வியக்கம் பிறந்ததே அனுமதியின்றித்தான். 1909 செப்டம்பர் 4 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பேடன்-பவலின் சாரணச் சிறுவர்கள் பல்லாயிரவர் திரண்டனர். அவ்வணிவகுப்பில் அழைக்கப்படாத சிறுமியர் சிலரும் சாரணர் தொப்பியும் கைக்கோலுமாக வந்து நின்றனர். அதற்கு முன்பே சிறுவர்களுக்கான நூலைப் படித்துத் தாமாகவே குழுக்களை அமைத்துக்கொண்ட சிறுமியர் பிரித்தானியாவில் ஏராளம். அவர்களைத் தடுக்கவும் இயலாமல் சிறுவர்களோடு சேர்க்கவும் மனமில்லாமல், பேடன்-பவல் 1910இல் தம் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தினார். அணிகள் முதலில் வந்தன. அமைப்பு பின்னால் வந்தது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சாரணர் என்ற சொல் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் முன் தோன்றும் சமண முனிவர்கள் சாரணர் எனப்படுவர். ஒற்றர் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ஓரிடத்தில் தங்காது திரியும் துறவியையும், பிறர் அறியாது திரியும் ஒற்றனையும் குறித்த சொல்லை எடுத்து, அரைக்கால் சட்டையிட்ட பள்ளிச் சிறுவனுக்குச் சூட்டிய தமிழாசிரியர் எவரோ, அவர் கெட்டிக்காரர். அதனினும் அழகு அதிலிருந்து பிறந்த சாரணியர் என்ற பெண்பாற் சொல். ஆங்கிலத்தில் இதே பெயருக்காக ஒரு சண்டையே நடந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஜூலியட்டின் வாழ்க்கையை அறிந்தால்தான் சவானாவின் தொடக்கம் விளங்கும். 1860இல் பிறந்தவர். ஒரு காதில் ஏற்பட்ட நோய்க்குச் செய்த மருத்துவமே அக்காதின் கேள்வித்திறனைக் கெடுத்தது. 1886இல் நடந்த திருமணத்தில் விருந்தினர் மணமக்கள் மீது அரிசி தூவினர். நம் அட்சதையை ஒத்த வழக்கம் அது. அதில் ஒரு மணி மற்றொரு காதில் விழுந்து, அதை எடுக்கும் முயற்சியில் அந்தக் காதும் போயிற்று. மங்கல அரிசியே செவியை அடைத்தது என்று ஒரு புதினத்தில் எழுதினால் மிகையான குறியீடு என்போம். மணவாழ்வும் இனிதாக அமையவில்லை. 1905இல் இறந்த கணவர், சொத்தில் பெரும்பகுதியைத் தம் காதலிக்கு எழுதிவைத்திருந்தார். ஜூலியட் வழக்காடியே தமக்குரிய பங்கைப் பெற வேண்டியிருந்தது.

1911இல் இங்கிலாந்தில் பேடன்-பவலைச் சந்தித்தார். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளென் லயன் பள்ளத்தாக்கில் ஏழு சிறுமியரைக் கொண்டு முதன்முதலாக ஓர் அணியை நடத்தினார். ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண்கள். வளர்ந்ததும் நகரத்து ஆலை வேலைக்குப் போவதே அவர்களுக்குத் திறந்திருந்த வழி. ஜூலியட் அவர்களுக்குக் கோழி வளர்க்கவும் கம்பளி நூற்கவும் கற்பித்து, நூலை லண்டனில் விற்கவும் ஏற்பாடு செய்தார். முடிச்சுக்கும் கொடிக்கும் மேலாக, ஊரைவிட்டுப் போகாமல் பிழைக்க ஒரு வழி என்று அவர் யோசித்திருப்பதைக் காண்கையில், ஆரவாரமாகப் பேசப்படும் சவானாவை விட இந்தச் சிறு பள்ளத்தாக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னர் லண்டனிலும் இரண்டு அணிகளை அமைத்துவிட்டு 1912 தொடக்கத்தில் தாய்நாடு திரும்பினார்.

சவானாவில் வேலை விரைந்து நடந்தது. பள்ளி நடத்திவந்த உறவினர் நீனா பேப்பைத் தொலைபேசியில் அழைத்து, சவானாவுக்கும் அமெரிக்காவுக்கும் உலகுக்குமாக ஒன்று கொண்டுவந்திருப்பதாகவும் அதை அன்றிரவே தொடங்க வேண்டும் என்றும் அவர் கூறினார் என்பது இயக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சிறுமியரைப் பொறுக்க ஒரு பள்ளி, கூடுவதற்குச் சொந்தக் கொட்டகை, விளையாடத் தெருவுக்கு எதிரே சொந்தக் காலிமனை, செலவுக்குச் சொந்தப் பணம். இயற்கை அறிஞர் வால்டர் ஹாக்ஸி சிறுமியரைச் சுற்றுலா அழைத்துச் சென்று செடி கொடிகளையும் பறவைகளையும் காட்டினார். பிரித்தானியக் கையேட்டை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றி 1913இல் வெளிவந்த முதல் நூலும் அவர் பெயரிலேயே அமைந்தது. கிறித்தவக் குடும்பத்துப் பெண்களோடு யூதக் குடும்பத்துப் பெண்களும் தொடக்கத்திலேயே இயக்கத்தில் பங்கேற்றனர். அன்றைய தென்மாநிலச் சூழலில் இது குறிப்பிடத்தக்கது.

அந்தக் காலிமனையில் சிறுமியர் கூடைப்பந்து ஆடினர். ஆட்டத்துக்கு அவர்கள் அணிந்தது புளூமர் எனப்படும், முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய தொளதொளத்த கால்சட்டை. தெருவில் போவோர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதென மனையைச் சுற்றிக் கித்தான் திரை கட்டினர். பெண்கள் ஓடலாம், குதிக்கலாம், பந்து எறியலாம். பிறர் பார்க்கக் கூடாது. கூடைப்பந்துக்கும் கித்தானுக்கும் இடையிலான இந்த உடன்படிக்கை அக்காலத்தை நன்றாகவே காட்டிவிடுகிறது. புரட்சி என்று எவரும் அறிவிக்கவில்லை. இல்லற நெறியும் நாட்டுப்பற்றும் அந்தக் கையேட்டில் நிறையவே உண்டு. ஆயினும் திரைக்கு உள்ளே பெண்கள் ஓடினார்கள்.

1913இல் பெயர் கேர்ள் கைட்ஸ் என்பதிலிருந்து கேர்ள் ஸ்கௌட்ஸ் என மாறியது. வழிகாட்டி என்பதை விடச் சாரணர் என்ற பெயரையே அமெரிக்கச் சிறுமியர் விரும்பினர். இது அமெரிக்கச் சிறுவர் சாரண அமைப்பின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் வெஸ்ட்டுக்குப் பிடிக்கவில்லை. சிறுமியர் அப்பெயரைச் சூடினால் சிறுவர்களுக்கு அதன் ஆண்மை குறைந்துபோகும் என்பது அவரது கவலை. பல்லாண்டுகள் எதிர்த்துப் பார்த்தார். ஜூலியட் விட்டுக்கொடுக்கவில்லை. மறுப்புச் சொற்கள் மட்டும் தம் காதில் விழாததுபோல் நடந்துகொள்ளும் கலை அவருக்குக் கைவந்திருந்தது என்பர். நன்கொடை கேட்கும்போதும் இதே உத்திதான். பணம் போதாதபோது 1914இல் தம் முத்துமாலையை 8,000 டாலருக்கு விற்று இயக்கத்தை நடத்தினார்.

இதுவரை சொன்னதில் அனுமதி என்பது பெரிய தடையாக இல்லை. செல்வமும் குடும்பப் பெயரும் உடைய வெள்ளையினப் பெண்மணி தாமே தமக்கு அனுமதி அளித்துக்கொண்டார். சவானாவின் அந்தப் பதினெட்டுப் பேரில் கறுப்பினச் சிறுமி எவரும் இல்லை. அதே நகரில் அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். 1917 முதல் கறுப்பினச் சிறுமியருக்கான அணிகள் அமெரிக்காவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றின. ஆனால் அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவைத் தலைமை அமைப்பு உள்ளூர்க் குழுக்களிடம் விட்டுவிட்டது. உள்ளூருக்கு அதிகாரம் என்பது கேட்க இனிமையானது. உள்ளூரில் எவர் கையில் சாவி இருக்கிறது என்று பார்க்கும்வரை.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு வருவோம். ஜோசஃபின் குரோவ்ஸ் 1898இல் பிறந்தவர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் தோன்றிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1923இல் பட்டம் பெற்றவர். படிப்பு முடிந்ததும் பெத்லஹேம் சென்டர் என்ற சமூகநல இல்லத்தில் சிறுமியருக்கான பணியில் சேர்ந்தார். மெதடிஸ்ட் திருச்சபையின் ஆதரவில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியிலேயே நடந்துவந்த இல்லம் அது. அச்சிறுமியருக்கு ஏற்றது சாரணியர் பயிற்சியே என்று முடிவுசெய்த ஜோசஃபின், 1924இல் ஜூலியட் லோவே நடத்திய பயிற்சியில் கலந்துகொண்டு அணித்தலைவிக்குரிய தகுதியைப் பெற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறுமியர் அவரிடம் பயின்றுவந்தனர்.

சவானாவில் பதினெட்டு, நாஷ்வில்லில் ஓராண்டுக்குள் முந்நூறு. சொந்த வீடில்லை, காலிமனையில்லை, முத்துமாலையில்லை. ஆனால் இந்த முந்நூறு பேரும் அதிகாரபூர்வமாகச் சாரணியர் அல்லர். நகரின் குழு அவர்களைப் பதிவுசெய்யவில்லை.

1925இல் ஜோசஃபின் அதே இல்லத்தில் பணிபுரிந்த கெர்னி ஹாலோவேயை மணந்தார். மணமான பெண்ணால் பணியில் முழுக் கவனம் செலுத்த இயலாது என்ற கருத்தால் அவர் வேலையை விட நேர்ந்தது. பின்னர் அவர் கட்டியது கலைந்தும் போயிற்று. பதிவில் இருக்கும் அணிக்குத் தலைவி போனால் இன்னொரு தலைவியைத் தேடித்தர ஓர் அமைப்பு உண்டு. பதிவில்லாத அணிக்கோ தலைவியே அமைப்பு. அவர் போனால் எல்லாம் போயிற்று.

1933இல் மீண்டும் முயன்றார். இம்முறை முறைப்படி நாஷ்வில் குழுவிடம் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கறுப்பினச் சிறுமியருக்குத் தனி வசதிகள் செய்துதர அதிகச் செலவாகும் என்பது சொல்லப்பட்ட காரணம். இந்தக் காரணத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கறுப்பினத்தாரும் வெள்ளையினத்தாரும் ஒரே முகாமில் தங்கலாகாது என்பது தென்மாநிலங்களின் சட்டமும் வழக்கமும். தனியாக ஆனால் சமமாக என்ற கோட்பாட்டை நாட்டின் உச்ச நீதிமன்றமே 1896இல் ஏற்றிருந்தது. ஆகவே தனி முகாம் வேண்டும், தனி முகாமுக்குச் செலவாகும், செலவுக்குப் பணமில்லை, எனவே சேர்க்க இயலாது. இதில் எவரும் எவரையும் வெறுப்பதாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகம் மட்டுமே பேசுகிறது. சமம் என்ற பாதி ஏட்டில் நின்றது. தனி என்ற பாதி வாயிலை அடைத்தது.

ஜோசஃபின் என்ன செய்தார் என்பதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அவர் கணவர் சிகாகோவிலிருந்து சாரணியர் கையேடுகளை வாங்கிவந்தார். அவற்றைக் கொண்டு ஜோசஃபின் தம் பகுதிச் சிறுமியருக்குப் பாடங்களை நடத்தத் தொடங்கினார். அங்கீகாரம் இல்லை, ஆனால் கையேட்டில் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது. 1909இல் சிறுவர்களின் நூலைப் படித்துத் தாமே அணி சேர்ந்த ஆங்கிலச் சிறுமியர் செய்ததும் இதுவே. ஒரு வேறுபாடு: அவர்களுக்காக ஓராண்டுக்குள் ஓர் அமைப்பு உண்டாயிற்று. ஜோசஃபின் ஏறக்குறைய பத்தாண்டுகள் காத்திருந்தார்.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. இந்தியாவில் முதல் சாரணியர் அணி 1911இல் ஜபல்பூரில் தோன்றியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண்களுக்கானது. சாரணர் இயக்கத்திலும் இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 1916–17 வாக்கில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சாரணர் சங்கத்தைத் தனியே தொடங்கினர். பேடன்-பவல் 1921இல் இந்தியா வந்த பின்னரே இணைப்பு நிகழ்ந்தது. இதைத் தனியே விரித்து எழுத வேண்டும்.

1940களின் தொடக்கத்தில் நாஷ்வில் குழு இறங்கிவந்தது. ஜோசஃபினின் அணி 200ஆம் எண் அணியாகப் பதிவு பெற்றது. 1944இல் கறுப்பின அணிகளை அமைத்து வழிநடத்தும் பொறுப்புடன் அவரையே பணியாளராக நியமித்தார்கள். பதினோராண்டுகளுக்கு முன் மறுத்த அதே குழுவின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. சம உரிமை அன்றும் வந்துவிடவில்லை. அவர் பார்க்க வேண்டியது கறுப்பின அணிகளை மட்டுமே. முகாமும் தனிதான். 1950களில் அவர்களுக்கென ஒரு முகாம் நிலம் அமைந்தது. பிற்காலத்தில் அவர் பெயராலேயே அது ஹாலோவே முகாம் என அழைக்கப்பட்டது. செலவாகும் என்று எந்த முகாமைக் காரணம் காட்டி 1933இல் மறுத்தார்களோ, அந்த முகாம்.

ஜோசஃபின் 1963இல் ஓய்வு பெற்று 1988இல் மறைந்தார். அதற்குள் அமெரிக்க இயக்கத்தின் தேசியத் தலைவராகவே குளோரியா ஸ்காட் என்ற கறுப்பினப் பெண்மணி 1975இல் பொறுப்பேற்றிருந்தார். ஜூலியட் 1927இல் இறந்தபோது அவரைச் சாரணியர் சீருடையுடன் அடக்கம் செய்தனர். சவானாவின் அந்த வண்டிக் கொட்டகையை உள்ளூர்ச் சாரணியருக்கே எழுதிவைத்துச் சென்றிருந்தார் அவர். 1924இல் நாஷ்வில்லில் முடிச்சுப் போடக் கற்ற அந்த முந்நூறு சிறுமியருக்கு எண் எதுவும் தரப்படவில்லை. 200 என்ற எண் வந்தபோது அவர்களில் மூத்தவர்கள் முப்பதைத் தாண்டியிருப்பார்கள்.