தமனித் துளையை மூடுவதும் ஆய்வின் பகுதியே: பரிசோதனை விலங்குகளின் நலனும் தரவின் நம்பகமும்

ஆய்வுச் சுருக்கம்

இதயம், இரத்தக் குழாய் தொடர்பான ஆய்வுகளில் விலங்குகளின் தமனியைத் துளைத்துக் கதீட்டர் செலுத்தப்படுகிறது. ஆய்வு முடிந்தபின் அத்துளையை மூடும் முறை விலங்கின் வேதனையை மட்டுமல்லாமல் ஆய்வின் முடிவையும் மாற்றக்கூடும். எனவே அம்முறையை முன்கூட்டியே தேர்ந்து, நெறிக்குழுவின் ஒப்புதல் பெற்று, வெளியீட்டில் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. பின்புலம்

நெஞ்சுவலியோடு சுபாங் ஜெயாவிலோ பண்டார் சன்வேயிலோ மருத்துவமனைக்குச் செல்பவருக்கு ஆஞ்சியோகிராம் எடுப்பது இன்று அன்றாட நடைமுறை. பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியில் சிறு துளையிடுகிறார்கள். முடிந்ததும் அங்கே ஒரு பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள். அதன்பின் நோயாளி நெடுநேரம் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. இந்த எளிமைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. தோலின் வழியே ஊசியால் தமனியை எட்டி, கம்பியின் மீது குழாயை நகர்த்தும் முறையை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். 1989இல் கனடாவின் காம்போ மணிக்கட்டு வழியே இதயத் தமனிகளைப் படமெடுத்துக் காட்டினார்.

இவ்வரலாற்றின் வேர் விலங்குகளின் உடலில் இருக்கிறது. ஆங்கிலேயரான ஸ்டீபன் ஹேல்ஸ் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, கண்ணாடிக் குழாயில் இரத்தம் 8 அடிக்கு மேல் எழுவதைக் கண்டு 1733இல் பதிவு செய்தார். அறுந்த தமனியைத் தைத்து இணைக்கும் நுட்பத்தை அலெக்சிஸ் கரேல் விலங்குகளிடமே செம்மைப்படுத்தினார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதயத் தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை 1977இல் மனிதருக்குச் செய்வதற்கு முன் குருன்ட்சிக் அதை நாய்களிடம் சோதித்தார். தமனியைத் திறக்கவும் மூடவும் மருத்துவம் விலங்குகளிடம் கற்றது. அந்தக் கல்வியின் பயன் அவ்விலங்குகளையும் சென்றடைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அறநோக்கு.

2. மனிதர் தொடையும் பன்றியின் தொடையும்

தொடை வழியே ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட மனிதரிடம், கதீட்டர் செல்லும் உறைக்குழாயை உருவியதும், தமனியைக் கையால் பதினைந்து இருபது நிமிடம் அழுத்திப் பிடிப்பது பழைய, இன்றும் நம்பத்தக்க முறை. ஆனால் அதன் வெற்றியில் பாதி நோயாளியின் ஒத்துழைப்பால் வருகிறது. காலை மடக்காமல் சில மணி நேரம் அசையாது படுத்திருக்கச் சொல்கிறோம். ஈரமாகவோ வலியாகவோ உணர்ந்தால் உடனே அழைக்கச் சொல்கிறோம்.

விலங்கிடம் இந்த இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. மயக்கம் தெளிந்ததும் பன்றி எழுந்து நிற்க முயலும். அப்போது இரத்த அழுத்தம் ஏறும். தொடை மடங்கி நிமிரும். அதன் தொடைத் தமனி தசைகளுக்கு அடியில் ஆழமாக ஓடுவதால், தமனியின் மேல் சரியாக அழுத்துவதும் கடினம், உள்ளே கசியும் இரத்தத்தை வெளியிலிருந்து காண்பதும் கடினம். தொடை இடுக்கின் அமைப்பால் அழுத்தக் கட்டும் எளிதில் நழுவிவிடும். மனிதருக்குக் கிடைத்த மணிக்கட்டு வழி பன்றிக்கோ முயலுக்கோ நடைமுறையில் இல்லை. ஆகவே மருத்துவமனை முறையை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணம் தவறு.

3. தமனியைக் கட்டிவிடுதல்

முயல் போன்ற சிறு விலங்குகளில் தோலைக் கீறித் தமனியை வெளிக்கொணர்ந்து கதீட்டரைச் செலுத்துவதும், முடிவில் தமனியை நூலால் கட்டிவிடுவதும் வழக்கத்தில் உள்ளன. பக்கக் குழாய்கள் இரத்தத்தைக் கொண்டுசேர்ப்பதால் விலங்கு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான்.

ஆனால் அதே தொடைத் தமனியைக் கட்டுவதோ வெட்டி நீக்குவதோ கால் இரத்தக் குறைவு நோயின் மாதிரியாகவே ஆய்வுலகில் பயன்படுகிறது. 1994இல் தகேஷிதா குழுவினர் புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் காரணியை முயல்களிடம் சோதித்தபோது, தொடைத் தமனியை அகற்றியே அந்நோய் நிலையை உருவாக்கினர். ஓர் ஆய்வில் நோயை உண்டாக்கும் செயல் இன்னோர் ஆய்வில் விளைவற்ற முடிப்பு வேலையாக இருக்க முடியாது. அழற்சியையோ இரத்தக் குழாய் வளர்ச்சியையோ விலங்கின் நடமாட்டத்தையோ அளக்கும் ஆய்வில், கட்டப்பட்ட தமனி தானே ஒரு குறுக்கீட்டுக் காரணியாகிவிடும்.

4. மூடும் கருவிகளின் எல்லைகள்

1990களின் நடுப்பகுதியிலிருந்து மனிதருக்கெனப் பல மூடும் கருவிகள் வந்துள்ளன. கொலாஜன் அடைப்பானைப் பொருத்துபவை, தமனிச் சுவரைத் தைப்பவை, உலோகக் கவ்வியால் பிடிப்பவை, வெளிப்புறத்தில் ஜெல்லால் அடைப்பவை என அவை பல வகை. விலங்குகளிடம் இவற்றைப் பயன்படுத்துமுன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும்.

முதலாவது அளவு. ஆஞ்சியோ-சீல் போன்ற கொலாஜன் கருவி, உள்விட்டம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த தமனிக்கு ஏற்றதன்று. முயலின் தமனி அதைவிடச் சிறியது. இளம் பன்றியின் தமனியும் சுருங்கும் இயல்புடையது. இரண்டாவது காலம். இக்கருவி உடலில் கரைய 60 முதல் 90 நாள் ஆகும். அதற்குள் அதே தமனியைத் துளைக்க நேர்ந்தால் இடத்தைச் சற்று மேலே மாற்ற வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. பன்றியின் இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்துச் செய்யும் ஆய்வுகளில் 28ஆம் நாள் மறுபரிசோதனை வழக்கமானது. எனவே இரண்டாம் துளையின் இடத்தை முதல் நாளிலேயே திட்டமிட வேண்டும். மூன்றாவது, கருவியே ஆய்வுப் பொருளாகும்போது வரும் சிக்கல். பன்றியின் இரத்தம் மனித இரத்தத்தைவிட எளிதில் உறைகிறது. ஆய்வுக்கூடப் பன்றி பெரும்பாலும் இளையது, அதன் தமனிச் சுவரில் சுண்ணாம்புப் படிவம் இல்லை. தொடை வழியே இதய வால்வு பொருத்தப்படும் முதியவரின் தமனியோ படிந்து கெட்டிப்பட்டிருக்கும். அத்தகையவருக்கான பெருந்துளைக் கருவி பன்றியிடம் வென்றுவிட்டது என்பதால் மட்டும் அது பாதுகாப்பானது என்று முடிவு கட்டக் கூடாது.

5. மறுப்புகள்

விலங்கை மயக்கத்திலேயே கருணைக்கொலை செய்யும் ஆய்வில் துளையை மூடுவது எதற்கு என்று கேட்கலாம். அங்கே அது தேவையில்லை. ஆகவே விலங்கு கண்விழிக்குமா என்பதே நெறிக்குழுவின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கருவிகள் விலையுயர்ந்தவை என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் நல்ல முறை எல்லாம் விலையுயர்ந்த முறை அல்ல. அல்ட்ராசவுண்டின் துணையோடு முதல் குத்திலேயே தமனியின் முன்சுவரை எட்டுவது, இயன்றவரை சிறிய உறைக்குழாயைத் தேர்வது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினின் விளைவு தணிந்ததை உறைவு நேரச் சோதனையால் உறுதிசெய்த பின்னரே குழாயை உருவுவது, இரத்தம் நின்றது உறுதியாகும்வரை மயக்கத்தை நீட்டிப்பது, தமனியைத் திறந்து செய்தால் கட்டிவிடாமல் நுண்தையலால் சீர்செய்வது ஆகியவற்றுக்குத் தேவை பயிற்சியும் பொறுமையும். கசிவால் ஒரு விலங்கு இறந்தால் அதன் இடத்தில் இன்னொன்றைப் பயன்படுத்த நேரும். அந்தச் செலவும் வேதனையும் கணக்கில் சேர வேண்டும்.

6. சட்டமும் பதிவும்

1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மாற்றுவழி, எண்ணிக்கைக் குறைப்பு, வேதனைத் தணிப்பு என்ற மூன்று நெறிகளில் கடைசி இரண்டும் இத்துளையில் சந்திக்கின்றன. மலேசியாவின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆய்வு, சோதனை, கற்பித்தல் ஆகியவற்றில் விலங்குகளைப் பயன்படுத்துவதையும் அது ஒழுங்குபடுத்துகிறது. மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் போன்றவற்றில் விலங்கு ஆய்வு நெறிக்குழுக்கள் இயங்குகின்றன. சட்டம் ஒவ்வொரு தையலையும் வரையறுக்க முடியாது. அந்த நுணுக்கத்தைக் கேட்டுப் பெறுவது குழுவின் கடமை.

விலங்கு ஆய்வுகளை வெளியிடுவதற்கான அரைவ் வழிகாட்டி 2010இல் வந்து 2020இல் திருத்தப்பட்டது. செய்முறையை மற்றவர் திரும்பச் செய்யும் அளவுக்கு விவரிக்கவும், கணக்கிலிருந்து நீக்கிய விலங்குகளைச் சொல்லவும் அது கோருகிறது. இந்தக் கோரிக்கை தமனித் துளைக்கும் பொருந்தும். எந்தத் தமனி, குழாயின் அளவு, ஹெப்பாரின் அளவு, உருவியபோதைய உறைவு நேரம், மூடிய முறை, அழுத்திப் பிடித்த நேரம், வலிநீக்கி, மறுநாள் காலின் வெப்பமும் நடையும், இரத்தக்கட்டியோ போலிப் புடைப்போ ஏற்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை ஆகியவை ஒவ்வோர் ஆய்வேட்டிலும் இடம்பெற வேண்டும். நுழைவிடச் சிக்கலால் இறந்த விலங்கைச் சத்தமின்றி நீக்கிவிட்டுக் கிடைக்கும் சராசரி நேர்மையான சராசரி ஆகாது.

முடிவுரை

தமனியைத் துளைக்க அனுமதி கேட்கும் ஆய்வாளர் அதை எப்படி மூடப்போகிறார் என்பதையும் அதே விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதய மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். ஒரு தரப்பிடம் தொடைத் துளைகளைக் கையாண்ட அனுபவம் இருக்கிறது. மறுதரப்பிடம் விலங்கின் உடலமைப்பும் மயக்கமும் பற்றிய அறிவு இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரு பொதுப் பயிற்சியையும் பதிவுப் படிவத்தையும் உருவாக்கி, நெறிக்குழுக்கள் அதை ஒப்புதலுக்கு நிபந்தனையாக்கினால், விலங்கின் துன்பம் குறையும். நோயாளியிடம் நாம் கொண்டுசெல்லும் தரவும் நம்பத்தக்கதாகும்.