ஒரு சிறு நாற்காலியின் வரலாறு

பள்ளிக்கு முதன்முதலாக வரும் குழந்தையிடம் ஆசிரியருக்கு முன்னரே பேசிவிடுவது வகுப்பறை. கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும் உயரமான விசுப்பலகை, கை எட்டாத கரும்பலகை, பூட்டிய அலமாரி, தலைக்கு மேலே அமைந்த சன்னல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, "இவ்விடம் பெரியவர்களுடையது; நீ அசையாமல் அமர்ந்திரு" என்று அக்குழந்தைக்குச் சொல்லிவிடுகின்றன. நம்மில் பலர் அப்படித்தான் அமர்ந்து பயின்றோம். அதுவே இயற்கை என்றும் எண்ணிக்கொண்டோம். ஆனால் பள்ளியின் நாற்காலிக்கும் மேசைக்கும்கூட ஒரு வரலாறு உண்டு. அதனைச் சற்றே திரும்பிப் பார்ப்பது, நம் குழந்தைகளை நாம் எவ்விதம் மதித்து வந்துள்ளோம் என்று பார்ப்பதும் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கல்வி பொதுமக்களிடையே பரவியபோது, ஓர் அறையில் பல குழந்தைகளை அமர்த்தவேண்டிய தேவை எழுந்தது. இருக்கையும் எழுதும் பலகையும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்ட பெஞ்சுகள் வரிசை வரிசையாய் நிறைந்தன. அவற்றில் நெடுநேரம் குனிந்திருந்த பிள்ளைகளின் முதுகெலும்பு வளைவதை மருத்துவர்கள் கண்டனர். உடனே பெஞ்சைத் திருத்துவதே ஓர் ஆராய்ச்சித் துறை போல வளர்ந்தது. பலகையின் சரிவு எவ்வளவு, இருக்கைக்கும் பலகைக்கும் இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் நுட்பமாக அளந்தனர். குழந்தை அத்தனை நேரம் அசையாதிருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டவர்களோ மிகச் சிலர்.

அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர் மரியா மாண்டிசோரி. 1870-ஆம் ஆண்டு பிறந்த இவர், இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற்பெண்களுள் ஒருவர், கத்தோலிக்கர். உரோமை நகரின் சான் லொரென்ஸோ பகுதி அந்நாளில் வறுமைக்குப் பேர்போனது. கட்டடத் தொழில் நொடித்ததால் அரைகுறையாய் நின்ற அடுக்குக் குடியிருப்புகளில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஒரு நிறுவனம் அவற்றுள் சிலவற்றைச் செப்பனிட்டுக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர்கள் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைக் கீறிப் பாழாக்கினர். சுவர்களைக் காக்கவேனும் இவர்களை ஓர் அறையில் சேர்த்து வைக்கலாம் என்று அந்நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தலாமோ எண்ணினார். அப்பொறுப்பை மாண்டிசோரி அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. சுவரைக் காக்கத் தொடங்கிய அறை, குழந்தையைக் கண்டுகொள்ளும் அறையாக மாறியது.

தொடக்கத்தில் அங்கும் புதுமை மிகுதியாக இல்லை. ஆசிரியைக்கு ஒரு மேசையும், பயிற்சிப் பொருள்களை வைத்துப் பூட்ட ஒரு பெரிய அலமாரியும் இருந்தன. ஒரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் அவர் சற்றுத் தாமதமாக வந்தபோது, குழந்தைகள் தாங்களே பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்து கொண்டிருந்தனர். இதனைத் திருட்டு என்று கருதிய ஆசிரியை கண்டிக்கவேண்டும் என்றார். மாண்டிசோரியோ வேறு விதமாகக் கண்டார். தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்ளும் அளவிற்குக் குழந்தைகள் அப்பொருள்களை அறிந்துகொண்டனர் என்பது அவர் கண்ட உண்மை. அதன்பின் உயர்ந்த அலமாரி போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. ஒருவரது மறதியும் மற்றொருவரது கூர்ந்த பார்வையும் ஓர் அறையின் அமைப்பையே மாற்றிவிட்டன.

1909-இல் வெளியிட்ட தம் முதல் பெருநூலில் அந்த அறையின் பொருள்களை அம்மையார் விரிவாக விளக்குகிறார். நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய இலேசான மேசைகள், சிறு நாற்காலிகள், மூன்று வயதுக் குழந்தையும் கை கழுவத்தக்க தாழ்வான கழுவுமிடம், எட்டும் உயரத்தில் மாட்டிய கரும்பலகைகள் ஆகியன அங்கே இடம்பெற்றன. இத்தனை இலேசான நாற்காலிகளைக் குழந்தைகள் மோதித் தள்ளிவிடுவார்களே, ஓசை எழுமே என்று பலர் தடை கூறினர். அவர் அளித்த விடை நம்மை இன்றும் சிந்திக்க வைக்கிறது. நாற்காலி விழுந்தால் அந்த ஓசையே குழந்தைக்குத் தன் தவற்றைச் சொல்லிவிடும். அடுத்த முறை அது கவனமாய் நடக்கும். தரையோடு பிணைத்த பெஞ்சில் அமர்ந்த குழந்தை தன் அசைவை ஆளக் கற்றுக்கொள்வதே இல்லை. அசையாதிருத்தல் ஒழுக்கம் ஆகாது, தன்னை ஆளுதலே ஒழுக்கம் என்னும் பேருண்மையை ஒரு சிறு நாற்காலி கற்பித்தது.

அவ்வறையின் சுவருக்கு ஓவியர் இரஃபேல் வரைந்த 'நாற்காலியில் அமர்ந்த அன்னை மரியா' என்னும் படத்தை அவர் தேர்ந்தெடுத்தார்; அதனைக் குழந்தைகள் இல்லத்தின் அடையாளமாகவும் கொண்டார். 1908 திசம்பரில் மெசினா நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு, மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் உரோமையில் தங்கள் மடத்திலேயே இத்தகைய இல்லம் ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். அதிர்ச்சியால் பேச்சும் பசியும் குன்றியிருந்த அப்பிள்ளைகள் அங்கே மெல்ல மெல்லத் தெளிவடைந்தனர்.

இந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெறக் கூடினர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டவர் என்று அவர்மேல் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டு, தாயின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி விடுவிக்கப்பட்டார். பின்னர் சில ஆண்டுகள் அம்மையார் கொடைக்கானலில் தங்கினார். அங்கும் குழந்தைகள் அவரைச் சூழ்ந்திருந்தனர். அவருடைய முறையில் குழந்தை தரையில் ஒரு சிறு விரிப்பை விரித்து, அதனையே தன் பணியிடமாகக் கொள்வதும் உண்டு. பாய் விரித்து அமர்வதும் மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்தவையே.

ஆயினும் ஒரு முரணை நாம் மறைக்கலாகாது. ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த அறை, காலப்போக்கில் நம் நகரங்களில் பெருங்கட்டணம் செலுத்துவோரின் பிள்ளைகளுக்கு உரிய ஆடம்பரம்போல் ஆயிற்று. வண்ண நாற்காலி ஒரு பக்கம், ஓட்டை விழுந்த கரும்பலகை மறு பக்கம் என்று நம் கல்வி இரண்டாகப் பிளவுபட்டது. இப்பிளவைத் தாண்டும் ஒரு முயற்சி நம் கண்முன்னே நடந்தது. 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. ஆசிரியரும் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் எழுதுவதற்கெனக் கரும்பலகை தீட்டப்பட்டது. பாட அட்டைகளைக் குழந்தைகளே எடுத்துக்கொண்டனர். அம்முறையில் குறைகளும் சுட்டப்பட்டன. பின்னர் பாடமுறைகளும் மாறின. ஆனால் கரும்பலகையைக் கீழே இறக்குவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை, கருப்பு வண்ணமும் மனமும் போதும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

சான் லொரென்ஸோ என்பது புனித லாரன்ஸின் பெயர். திருச்சபையின் செல்வங்களைக் கொண்டு வா என்று ஆட்சியாளர் ஆணையிட்டபோது, அவர் ஏழைகளை அழைத்து வந்து நிறுத்தினார் என்பது மரபு. அவர் பெயரைத் தாங்கிய வீதிகளிலே ஏழைக் குழந்தைக்கென ஒரு நாற்காலி செய்யப்பட்டதைத் தற்செயல் என்று மட்டும் கூற நமக்கு மனம் வரவில்லை. நம் பங்குகளில் மறைக்கல்வி வகுப்புகள் நடக்கின்றன. பாலர் பள்ளிகளும் உள்ளன. அடுத்த முறை அங்கே செல்லும்போது, நாம் ஒரு கணம் முழந்தாளிட்டுக் குழந்தையின் கண்ணுயரத்திலிருந்து அவ்வறையைப் பார்ப்போம். செபத்திற்காக முழந்தாளிடப் பழகிய நமக்கு அது கடினமன்று. எட்டாதவை எவையெவை என்பது அப்போது தானே தெரியும்.