உறைதல் காரணிச் செறிவு

வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் கல்லீரலில் வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்து, 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகளைக் குறைப்பதால், அவற்றை உண்பவருக்கு மூளையில் குருதிக்கசிவு நேரிடின், அக்காரணிகளையே பிளாஸ்மாவிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய புரோத்ராம்பின் தொகுதிச் செறிவு சிரைவழி செலுத்தப்படுகிறது. உறைதல் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். மதிப்பைப் பொறுத்து, உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 50 அலகு வரை தரப்படும் இது நிமிடங்களில் பயன் தந்தாலும், ஆற்றல் சில மணி நேரத்தில் தேய்வதால் வைட்டமின் கே ஊசியும் உடன் போடப்படும். இதற்கு மாற்றாகத் தரப்படும் உறைநிலைப் பிளாஸ்மாவையோ குருதி வகை பார்த்து, உருக்கி, மிகுந்த அளவில் ஏற்ற வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலையூர்களிலிருந்து, 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு மலைப்பாதையில் இறங்குவதிலேயே பொழுது கழியும் நிலையில் இச்செறிவின் விரைவு பெரிதே, அதன் விலையும் பெரிது. குருதி உறையாமல் போகும் கண்ணாடி விரியன் பாம்புக்கடியிலோ, உறைதல் காரணிகளை நஞ்சே அழித்துக்கொண்டிருப்பதால், அங்கு இச்செறிவு நஞ்சுமுறிவு மருந்துக்கு மாற்றாகாது.